பிலடெல்பியாவில் மணியைக் கடைசியில் பாருங்கள்

பிலடெல்பியாவுக்குப் போகிறவர்கள் பலரும் நேரே லிபர்ட்டி பெல் என்ற பழைய விடுதலை மணியைத் தேடிப் போய், வரிசையில் நின்று, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மணியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அமெரிக்கா உருவான கதை முழுக்க அந்த நாலைந்து தெருக்களுக்குள்தான் கிடக்கிறது. நடந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால், மணியின் முன்னால் நிற்கும்போது அது எதற்காக அங்கே இருக்கிறது என்று புரியும். நாங்கள் நியூ ஜெர்சியில் இருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிப்போகிறேன், இந்த வழியில்தான்.

முதல் வேலை டிக்கெட். மார்ச் முதல் டிசம்பர் வரை, அமெரிக்கச் சுதந்திரத்தை முடிவுசெய்த கட்டடமான இண்டிபென்டன்ஸ் ஹாலுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். டிக்கெட்டுக்குக் காசில்லை, இணையத்தில் முன்பதிவு செய்ய மட்டும் தலைக்கு 1 டாலர். கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும், பயணத் தேதி முடிவானதுமே போட்டுவிடுங்கள். மதியத்தை ஒட்டிய நேரமாக எடுத்தால் காலையில் மற்ற இடங்களை முடிக்கலாம். பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கும், அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பெரிய பை வேண்டாம்.

வழி தவறவே முடியாத ஊர் இது. 1682இல் இதை நிறுவிய வில்லியம் பென் கட்டம் போட்டுத் திட்டமிட்ட நகரம். டெலவேர் ஆற்றிலிருந்து மேற்கே போகப் போகத் தெரு எண் கூடும். மார்க்கெட், செஸ்ட்நட், வால்நட் தெருக்கள் அவற்றைக் குறுக்கே வெட்டும். நமக்கு வேண்டியதெல்லாம் 3ஆவது தெருவுக்கும் 7ஆவது தெருவுக்கும் நடுவில். காரை விட ரயில் நிம்மதி. 30ஆவது தெரு நிலையத்தில் இறங்குகிறவர்கள் அங்கிருந்து மெட்ரோ பிடித்து 5ஆவது தெரு நிலையத்துக்கு வந்துவிடலாம்.

கார்ப்பென்டர்ஸ் ஹாலில் தொடங்குங்கள். செஸ்ட்நட் தெருவிலிருந்து சற்று உள்வாங்கி நிற்கும் சிறிய செங்கல் கட்டடம். தச்சர் சங்கத்துக்குச் சொந்தமானது, இன்றும் அவர்களுடையதுதான். 1774 செப்டம்பரில், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த 13 குடியேற்றப் பகுதிகளில் 12இன் பிரதிநிதிகள் முதல் முறையாக இங்கே கூடினார்கள். ஜார்ஜியா வரவில்லை. அப்போது தனி நாடு என்ற பேச்சே பெரிதாக இல்லை. மன்னருக்கு மனுக் கொடுப்பது, பிரிட்டிஷ் சரக்கை வாங்காமல் இருப்பது, அவ்வளவுதான்.

அடுத்து 7ஆவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் முனை. பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய வீடு இங்கேதான் இருந்தது. இப்போது நிற்பது 1975இல் திரும்பக் கட்டியது, அதனால் வெளியில் நின்று பார்த்தாலே போதும். ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மனிதரும் சமம் என்று அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அதே வீட்டில் அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைச் சிறுவன்.

அப்புறம் இண்டிபென்டன்ஸ் ஹால். முதலில் நீதிமன்ற அறை, எதிரே பேரவை அறை. பச்சைத் துணி விரித்த மேசைகள், இறகுப் பேனாக்கள். பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பொருட்களைப் போலத் தேடிச் சேர்த்தவை. அசல் நாற்காலி முன்னால் மேடையில் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலி. அதன் முதுகின் உச்சியில் பொன்னிறத்தில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். இது உதிக்கிறதா, மறைகிறதா என்று மாநாடு முழுக்கத் தனக்குக் குழப்பமாக இருந்ததாகவும், உதிக்கும் சூரியன்தான் என்று இப்போது தெரிந்துவிட்டதாகவும் கையெழுத்து நாளில், பிரதிநிதிகளில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்ளின் சொன்னார்.

என் மாமனார் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். சுற்றிக்காட்டும் பூங்கா ஊழியரான ரேஞ்சர் பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "ஏம்மா, இத்தனை பேர் பேசியிருக்கிறார்களே, மினிட்ஸ் யார் எழுதினார்கள், கேளு" என்றார். அருமையான கேள்வி. செயலாளர் ஒருவர் இருந்தார், அவருடைய குறிப்புகள் சொற்பம். நமக்கு உள்ளே நடந்தது தெரிவது ஜேம்ஸ் மேடிசன் என்ற பிரதிநிதி தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து தானாக எழுதிவைத்ததால். வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பேசிய கூட்டம் அது. மேடிசனின் குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 1840இல்தான் அச்சாகின. வந்த 55 பேரில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். நீங்களும் இப்படி ஏதாவது கேளுங்கள். ரேஞ்சர்கள் ஆசையாகப் பதில் சொல்வார்கள்.

இதே அறையில்தான் 1776 ஜூலை 2ஆம் தேதி சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு நடந்தது. டெலவேர் பகுதியின் பிரதிநிதிகள் இரண்டு பேர் எதிரெதிராக நிற்க, அதன் மூன்றாவது பிரதிநிதியான, உடம்பு சரியில்லாத சீசர் ராட்னி இரவோடிரவாகச் சுமார் 80 மைல் மழையில் வந்து முடிச்சை அவிழ்த்தார். பிரகடனத்தின் வாசகத்தை 4ஆம் தேதி ஏற்றார்கள். அதற்கு முன் அடிமை வியாபாரத்தைக் கண்டித்த பத்தியை வெட்டிவிட்டார்கள். 8ஆம் தேதி பின்புறத் திடலில் மக்களுக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். அந்தத் திடலில் மர நிழலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், வயதானவர்களுக்கு இங்கேதான் ஓய்வு கிடைக்கும். அசல் பிரகடனம் எங்கே என்று தேட வேண்டாம், அது வாஷிங்டன் நகரில் இருக்கிறது.

சரி, மணிக்குப் போகும் வழியில் 6ஆவது தெரு, மார்க்கெட் தெரு முனையில் நிற்க வேண்டும். 1790 முதல் 1800 வரை தலைநகரம் பிலடெல்பியா. குடியரசுத் தலைவரின் வீடு இங்கே இருந்தது, அடித்தளத்தைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். வாஷிங்டன் 9 அடிமைகளை இங்கே வைத்திருந்தார். ஆறு மாதம் பென்சில்வேனியாவில் தொடர்ந்து இருந்தால் அடிமைக்கு விடுதலை கிடைக்கும் என்பது சட்டம். அந்த ஆறு மாதம் முடியாதபடி அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பி அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796இல், குடும்பம் இரவு உணவில் இருந்தபோது வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டாள். ஆள் விட்டுத் தேடியும் திரும்பவில்லை. குழந்தைகளோடு போனால் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது மணி. இலவசம், டிக்கெட் வேண்டாம். எடை 2,080 பவுண்டு. லண்டனில் வார்த்து வந்த மணி முதல் அடியிலேயே விரிசல் விட, உள்ளூரில் உருக்கி மறுபடி வார்த்தார்கள். அதில் பொறித்திருக்கும் பைபிள் வசனம் நாட்டு மக்கள் அனைவருக்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்கிறது. 1830களில் அடிமை ஒழிப்புப் போராளிகள் அந்த 'அனைவருக்கும்' என்பதைப் பிடித்துக்கொண்டு இதற்கு லிபர்ட்டி பெல் என்று பெயர் வைத்தார்கள். கண்ணில் படும் அகலமான பிளவு, விரிசல் பரவாமலிருக்க வேண்டுமென்றே அகலப்படுத்திய பழுதுபார்ப்பு. அதன் மேல்நுனியிலிருந்து எழுத்துகளை நோக்கி மெல்லிய கோடு ஒன்று ஓடும். மணியை 1846க்குப் பிறகு அடிக்க முடியாமல் செய்தது அதுதான். சற்றே பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

தெம்பு இருந்தால் மார்க்கெட் தெருவில் 3ஆவது, 4ஆவது தெருக்களுக்கு இடையே ஃபிராங்ளின் வளாகம். வீட்டை எப்போதோ இடித்துவிட்டதால் அதன் உருவத்தை வெறும் இரும்புச் சட்டங்களால் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் அவர் நினைவாக ஒரு அஞ்சலகம், முத்திரையைக் கையால் குத்தித் தருவார்கள். ஊருக்கு அஞ்சலட்டை அனுப்ப நினைத்தால் முகவரியைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள், வெளிநாட்டுத் தபால்தலை என்று சொல்லிக் கேளுங்கள்.