இடுப்புக்கு ஒரு கடிகாரம்

தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அடிவயிற்றில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: தொப்புள் பக்கம் 12, கால் பக்கம் 6. இடுப்பை 12 பக்கம் சாய்த்தால் கீழ்முதுகு தரையில் படியும். 6 பக்கம் சாய்த்தால் உள்ளங்கை நுழையும் அளவுக்கு எழும்பும். ஐந்தாறு முறை, பாதி பலத்தில். பிறகு இடமும் வலமுமாக 3, 9 பக்கம். பெரும்பாலும் ஒரு பக்கம் தடங்கும்; மல்லுக்கட்டாமல் எளிதான பக்கத்தையே முதலில் செய்யுங்கள்.

இறுகிய தசையை வெடுக்கென இழுத்தால் எதிர்த்து இன்னும் இறுகும். மெல்ல அசைத்தால் எங்கே பிடித்துவைத்திருக்கிறோம் என்பது மூளைக்குப் புரிந்து, பிடி தளரும். மெத்தையில் செய்தால் இந்த அசைவு பாதிகூடத் தெரியாது.

காலுக்கு இறங்கும் வலி, மரமரப்பு, அண்மையில் முதுகில் அடி அல்லது அறுவை சிகிச்சை என்றால் இது வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நான்கு மாதம் தாண்டிய கர்ப்பிணிகளும் மல்லாந்து படுத்துச் செய்யக்கூடாது.