திருமலையில் ஜாஸ் வாசிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஜாஸ் வாசிக்க ஆசைப்படும் இளைஞர்கள் பல வழிகளில் வருகிறார்கள். மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலினோ மிருதங்கமோ வாய்ப்பாட்டோ படித்து ஊர் திரும்பியவர்கள் சிலர். கோணேசபுரி கம்பஸில் வேறொரு பட்டப்படிப்பில் இருந்துகொண்டு மாலையில் கிற்றார் எடுப்பவர்கள் சிலர். பாடசாலை வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதிப் பழகியவர்களும் உண்டு. எல்லாரிடமும் திறமை இருக்கிறது. ஆனாலும் உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நான்கு பேராகச் சேர்ந்து மேடை ஏறியதும் தடுமாறுகிறார்கள். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பரீட்சைக்காகத் தனியே வாசித்துப் பழகிய காது, பக்கத்தில் நிற்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பலவும் அதிலிருந்து கிளைத்தவை.

பட்டம் முடியட்டும் என்று காத்திருப்பது

ஜாஸ் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது பிந்தித்தான். பொஸ்டனில் இன்று பேர்க்லி என்று அறியப்படும் கல்லூரி 1945இல் தொடங்கியது. வட டெக்சஸில் ஜாஸுக்கென்று பட்டப்படிப்பு வந்தது 1947இல். ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங் தன் குழுவோடு செய்த பெயர்பெற்ற ஒலிப்பதிவுகள் அதற்கு இருபது வருடங்களுக்கு முந்தியவை. மேடையில் உருவானதைத்தான் வகுப்பறை பிறகு ஒழுங்குபடுத்திப் பெயர் வைத்தது. வகுப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) எப்படி நகர்கிறது என்பதை ஒரு நல்ல ஆசிரியர் ஒரு மாதத்தில் புரியவைப்பார், தனியே தேடினால் வருடக்கணக்கில் போகும். ஆனால் கோட்பாடு முழுவதையும் முடித்த பிறகு மேடை என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆரம்பிக்க பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஒன்று போதும். பார் என்பது இங்கே நான்கு அடி கொண்ட ஒரு தாளக் கூறு. முதல் நான்கு பார் ச-வின் கோர்ட்டில் நிற்கும். அடுத்த இரண்டு பார் ம-வுக்குப் போகும், பிறகு இரண்டு பார் ச-வுக்குத் திரும்பும். ஒன்பதாவது பாரில் ப, பத்தாவதில் ம, கடைசி இரண்டும் ச. இதை மூன்று பேர் சேர்ந்து அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வாசித்துப் பாருங்கள். யாராவது ஒருவர் எந்த பாரில் இருக்கிறோம் என்று தெரியாமல் தொலைந்துவிடுவார். அவர் எப்படித் திரும்பி வருகிறார், மற்றவர்கள் எப்படி அவரைக் கூட்டிவருகிறார்கள் என்பதுதான் முதல் பாடம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஜாஸ் என்றால் மனம் போன போக்கில் வாசிப்பது என்று நினைப்பது. சோலோ, அதாவது ஒருவர் தன் கற்பனையில் வாசிப்பது, எவ்வளவு தூரம் பறந்தாலும் அடியில் அந்தப் பன்னிரண்டு பார் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்கேலை ராகமாகவே வாசிப்பது

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டோரியன் என்ற ஸ்கேலின் (சுர வரிசையின்) பெயரைக் கேட்டதும் "கரகரப்பிரியாதானே" என்று தோன்றும். சுரங்களைப் பார்த்தால் அது சரி, ஏழும் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் கரகரப்பிரியாவின் காந்தாரம் அசைந்து வரும் காந்தாரம். கீழே கீபோர்ட்காரர் அதே காந்தாரத்தை அசையாமல் கோர்ட்டுக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் பழக்கத்தில் கமகம் (சுர அசைவு) போட்டால் இரண்டும் உரசும். கமகமே கூடாது என்பதில்லை. கோர்ட் மாறும் இடத்தில் அசைத்து, அது நிற்கும் இடத்தில் சுரத்தை நேராக நிறுத்தினால் அழகாகவே இருக்கும். எங்கே நிற்கிறது, எங்கே மாறுகிறது என்று கேட்டால்தான் இது முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுருதி. நமக்குச் சின்ன வயதிலிருந்தே சுருதிப் பெட்டி ஒரே ச-வைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் ஒலிப்பதிவு செய்த 'சோ வாட்' என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 32 பார். முதல் 16 பார் இரண்டு கட்டையில் (ச டி-யில்) டோரியன். அடுத்த 8 பார் அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிடும், கடைசி 8 பார் மறுபடி இரண்டு கட்டை. ராகம் மாறவில்லை, ச மாறிவிட்டது. கர்நாடகப் பயிற்சி உள்ளவருக்கு அந்த எட்டு பாரில் கால் வைக்க இடமிருக்காது. பழைய ச-வையே மனதில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகக் கணக்குப் போடுவார், அதற்குள் எட்டு பாரும் ஓடிவிடும். பயிற்சியின்போது சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, நண்பர் ஒருவரை பேஸ் கிற்றாரில் அடிச்சுரத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நகரும்போது உங்கள் ச-வும் நகரட்டும். வாத்தியத்தைத் தொடாமல் முதலில் சரளி வரிசையையே அப்படி மாற்றிப் பாடுங்கள்.

அப்புறம் ஜாஸ் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கோர்ட் நகர்வு. சங்கராபரணத்தில் சொன்னால் ரி ம த ச, அடுத்து ப நி ரி ம, முடிவில் ச க ப நி. இதற்குப் பக்கம் பக்கமாக ஸ்கேல் பாடம் பண்ணுகிறார்கள். முதலில் இரண்டே இரண்டு வரி பாடிப் பாருங்கள். ஒன்று: ம, ம, க. மற்றொன்று: ச, நி, நி. மூன்று கோர்ட்டுக்கும் அந்த மூன்று சுரம். கோர்ட்டின் குணம் எங்கே திரும்புகிறது என்பது இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். ச-வில் இருந்து நி-க்கு இறங்கும் அந்த அரைச் சுர இறக்கம் காதில் பதிந்துவிட்டால், சோலோவில் கை தானாக அங்கே போகும்.

கிரகபேதம் படித்தவர்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. சங்கராபரணத்தின் ரி-யை ச ஆக்கினால் கரகரப்பிரியா, க-வை ஆக்கினால் தோடி, ம-வில் கல்யாணி, ப-வில் ஹரிகாம்போதி, த-வில் நடபைரவி. ஜாஸ் வகுப்பில் மோட் என்ற பெயரில் கற்பிப்பதும் இதே கணக்குத்தான். திருகோணமலையிலும் கல்விப்பணி செய்த விபுலாநந்த அடிகள் பாலைகள் என்னும் பழந்தமிழ்ச் சுர வரிசைகளை ஆராய்ந்தபோது இந்தத் திரிபைத்தான் விரிவாக எழுதினார். கைவசம் உள்ள இந்த அறிவை ஒதுக்கி வைத்துவிட்டு ஆங்கிலப் பெயர்களோடு பூச்சியத்திலிருந்து தொடங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். 1970களில் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினோடு சக்தி குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர் இலங்கையில் வளர்ந்தவர். அவருடைய தந்தை யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளைக் கேட்டால், கர்நாடகப் பயிற்சியை எதுவும் விட்டுக்கொடுக்காமல் கிற்றாருக்குக் காது கொடுப்பது எப்படி என்று தெரியும்.

போனைப் பார்த்து வாசிப்பது

கோர்ட் தாள் இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது. மேடையில் நான்கு பேரும் தலை குனிந்து திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ட்ரம்ஸ்காரர் முடிக்கலாம் என்று கண் காட்டினால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. இணையத்தில் சுற்றும் தாள்களில் பிழைகளும் ஏராளம். பழைய ஒலிப்பதிவோடு ஒருமுறையாவது ஒப்பிடுங்கள். குருவிடம் உட்கார்ந்து வாயால் பாடிப் பாடம் பண்ணிய பிள்ளைகள் இவர்கள். அதே முறையில் ஒரு சோலோவை முழுவதும் பாடி, பிறகு வாத்தியத்தில் எடுத்தால் தாளே தேவைப்படாது. துணை இசை வாசிக்கும் செயலிகளோடு மட்டும் பழகுவதும் இதே வகைத் தவறுதான். செயலி உங்கள் வாசிப்புக்கு ஏற்ப மாறாது. நீங்கள் தவறினாலும் அது போய்க்கொண்டே இருக்கும்.

தாளத்தைக் கணக்காக்குவது

ஸ்விங் என்பது ஓர் அடியை நீளமும் குறுகலுமாக இரண்டு சுரமாகப் பிரிக்கும் ஜாஸ் நடை. மிருதங்கம் படித்தவர்கள் அதை (அடியை மூன்றாகப் பிரிக்கும்) திஸ்ர நடை என்று உடனே பிடித்துவிடுவார்கள். நடுத்தர வேகத்தில் அது கிட்டத்தட்ட உண்மை: தகிட-வில் த-வும் ட-வும் ஒலிக்கும், நடுவில் உள்ள கி மறைந்துவிடும். ஆனால் வேகம் கூடக் கூட இரண்டு சுரங்களும் சமநீளத்தை நெருங்கும். வேகமான பாட்டிலும் திஸ்ரத்தையே இறுக்கிப் பிடித்தால் வாசிப்பு நொண்டும். அழுத்தமும் இடம் மாறுகிறது. ஆதி தாளத்தில் முதல் அடியில் தட்டிப் பழகிய கைக்கு, நான்கு அடியில் இரண்டாவதும் நான்காவதும் உயிர் என்பது புதிது. அடி காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அது ஒலிக்கும் இடங்களை இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டு 120 வேகத்தில் வாசித்துப் பழகுங்கள். முதல் நாள் தலை சுற்றும், பிறகு பிடித்துப்போகும்.

நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பது தனியாவர்த்தனத்தில் நடக்கும் கேள்வி பதில் போன்றது. அங்கே வீட்டில் தயார் செய்த கோர்வையைக் கொண்டுவந்து கொட்டுவது கூடாது. எதிரில் உள்ளவர் சற்றுமுன் சொன்னதற்குத்தான் பதில் வேண்டும்.

பைலா என்ற ஆட்டப் பாட்டைக் குறைவாக நினைப்பதும் நிறுத்தப்பட வேண்டிய பழக்கம். பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளின் கொண்டாட்டங்களில் கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆறு எட்டுத் தாளம் இங்கே சின்னப் பிள்ளையின் காலிலும் இருக்கிறது. அமெரிக்க ஜாஸ்காரர்கள் தங்கள் காலத்துப் பிரபலமான மேடைநாடகப் பாட்டுகளை எடுத்துத்தான் தங்கள் உருப்படிகளாக்கினார்கள். நம் ஊர் ஆட்களுக்குத் தெரிந்த மெட்டை எடுத்து, அதன் கோர்ட்டுகளை மாற்றி, நடுவில் சோலோ வைப்பது அந்த மரபை ஒட்டிய வேலைதான்.

மேடையில்

எல்லாரும் நீளமாக வாசிப்பது முதல் தவறு. 120 வேகத்தில் 32 பார் ஒரு சுற்று 64 விநாடி. ஐந்து பேர் ஆளுக்கு மூன்று சுற்று எடுத்து, முன்னும் பின்னும் மெட்டு வாசித்தால் 17 சுற்று, ஏறத்தாழ 18 நிமிடம். கடற்கரையில் சாப்பிட வந்தவர்கள் ஒரு பாட்டுக்கு அவ்வளவு நேரம் தருவது கடினம். ஒரு பாட்டில் இரண்டு பேர் சோலோ எடுங்கள், அடுத்த பாட்டில் மற்றவர்கள். சோலோ எடுக்காதவர் சும்மா நிற்கும்போது முழுக் காதோடு நிற்க வேண்டும்.

சுருதி பேசுவதில் வரும் குழப்பம் மேடையில்தான் வெளியே தெரியும். பாடகி "இரண்டு கட்டை" என்றால் கீபோர்ட்காரர் டி-யில் தொடங்குவார். அதே சுரம் ஒலிக்க, ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் தன் விரலில் பி பிடிக்க வேண்டும், ட்ரம்பெட்காரரும் டெனர் சாக்ஸபோன்காரரும் ஈ. இதை ஒத்திகையிலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதி வைத்துவிடுங்கள்.

திறந்த வெளியில் காற்று மைக்கில் இரைச்சலாக விழும், அதனால் பஞ்சு உறை அவசியம். உப்புக் காற்றில் உருக்குக் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், சாக்ஸபோனின் தோல் மூடிகள் ஒட்டும். வாசித்து முடித்ததும் துடைத்து, பெட்டியில் வைத்த பிறகே சாப்பிடப் போங்கள்.

தமிழ் ரசிகர்கள் முன்னால் ஆங்கிலத்தில் மட்டும் அறிவிப்புச் செய்யாதீர்கள். இந்தப் பாட்டில் முதலில் மெட்டு வரும், பிறகு வயலின்காரர் அந்த மெட்டின் மேல் தானாகக் கற்பனை செய்வார், கடைசியில் மெட்டு திரும்பும் என்று இரண்டு வரி தமிழில் சொன்னால் போதும். கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய சபை அது, உடனே பின்தொடரும். சோலோ முடிந்ததும் கை தட்டலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஹோட்டலோடு பேசாமல் போவது

எத்தனை மணி நேரம், இடையில் எத்தனை இடைவேளை, சம்பளம் எவ்வளவு, சாப்பாடு உண்டா, ஒலிக்கருவி யாருடையது, போக்குவரத்துச் செலவு யார் பொறுப்பு: இவற்றைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்குங்கள். குழுவுக்குள் பங்கு எப்படி என்பதையும் முன்பே பேசுங்கள். நல்ல குழுக்கள் உடைவது பெரும்பாலும் இசையால் இல்லை, இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதால்தான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வாங்கியாகிவிட்டதா, அனுமதித்த நேரத்துக்குள் முடிகிறதா என்று கேளுங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் பொதுவாக மது விற்பனை இல்லை, பல இடங்களில் இசையும் வைக்கமாட்டார்கள். நாட்காட்டியைப் பார்த்தே திகதி கொடுங்கள்.

மழைக்காலத்தில் கலைந்துபோவது

கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் சித்திரை, வைகாசியில் தொடங்கி புரட்டாதி வரை. பிறகு வாடைமழை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் ஆட்கள் குறைவார்கள், நேரடி இசையும் குறையும். அதோடு குழுவும் கலைந்து, அடுத்த சித்திரையில் அழைப்பு வந்ததும் போன வருடத்துப் பாட்டுகளையே தூசு தட்டி எடுக்கிறார்கள். மழை மாதங்களில்தான் யாருக்கும் அவசரம் இல்லை. கிழமைக்கு ஒரு மாலை ஒருவர் வீட்டில் கூடுங்கள். ட்ரம்ஸ்காரர் குச்சிக்குப் பதில் பிரஷ் எடுத்தால் அயலாருக்கும் தொந்தரவு இல்லை, மெதுவாக வாசித்து ஒருவரை ஒருவர் கேட்கும் பழக்கமும் வரும். ஒவ்வொரு ஒத்திகையையும் போனில் பதிவு செய்து, அடுத்த முறை வாசிக்கத் தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். மாதம் மூன்று புதுப் பாட்டு என்று வைத்தால், ஐந்து மாதத்தில் 15 பாட்டு கைவசம் இருக்கும். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம் போனால் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு அது தாராளம்.