எஸ்பிரித்து சாந்தோ தீவில் கயாக் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவில், லா பாஸ் நகரத்துக்கு எதிரே கடலில் இருக்கிறது எஸ்பிரித்து சாந்தோ தீவு. பகலில் துடுப்புப் போடும் குறுகிய கயாக் படகு, இடையிடையே மூச்சுக்குழாயும் மாஸ்க்கும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நோர்கெலிங், இரவில் மணலில் கூடாரம் என்று வழிகாட்டியோடு நான்கைந்து நாள் சுற்றிவர அருமையான இடம். தீவில் கடையும் இல்லை, நம்பிக் குடிக்க நீரும் இல்லை. ஊரிலேயே யோசிக்காமல் விட்டதை அங்கே போய்ச் சரிசெய்ய முடியாது.

பலர் சறுக்குவது மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். டிசம்பரில் விடுமுறை கிடைக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். குளிர்காலம் அங்கே வாடைக்காற்றுக் காலம். உள்ளூரில் 'நோர்த்தே' என்பார்கள். பிடித்தால் சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாது. கடல் முழுக்க வெண்நுரை, கயாக்கை இறக்கவே முடியாது. தண்ணீரும் 20 டிகிரி செல்சியஸ் பக்கம் குளிர்ந்துவிடும், உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் நீச்சலுடையான வெட்சூட் இல்லாமல் கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் அது புயல் காலம். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும்தான் சரி.

எந்த மாதம் போனாலும், கரை திரும்பும் அன்று மாலைக்கே விமான டிக்கெட் போடாதீர்கள். காற்று கிளம்பினால் வழிகாட்டி ஒரு நாள் தங்கச் சொல்வார். அப்போது "எனக்கு ஃப்ளைட் இருக்கு" என்று அவரை நெருக்குவதுதான் இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம். விடியற்காலையில் எழுப்பும்போதும் முணுமுணுக்க வேண்டாம். பெரும்பாலும் காலையில் கடல் அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் காற்று ஏறும். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அடுத்த முகாமை எட்டிவிட்டால் மீதி நாள் உங்களுடையது.

நீச்சல் தெரியாதவர்கள் அதை மறைக்கிறார்கள். தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தபடியே மீன்களைப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழாய் வழியே மூச்சு விடுவதை ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் பழகிவிட்டுப் போங்கள். மாஸ்க்கையும் அங்கேயே சோதிக்கலாம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால்தான் அது உங்கள் முகத்துக்கானது. மீசை வழியே தண்ணீர் கசிந்தால் ரப்பர் விளிம்பு படும் இடத்தை மழித்துவிடுவது நல்லது.

பெரிய பை ஒன்றில் எல்லாவற்றையும் திணிப்பது இன்னொரு தவறு. கயாக்கில் சாமான் வைக்கும் வாய் குறுகலானது, பெரிய பை நுழையாது. 10 லிட்டர் அளவில் தண்ணீர் புகாத டிரை பேக் மூன்று நான்கு போதும். பருத்தித் துணி நனைந்தால் லேசில் காயாது. முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் முதுகிலும் கெண்டைக்காலிலும்தான் அடிக்கும்.

தீவுக்கு வடக்கே லோஸ் இஸ்லோத்தெஸ் பாறைகளில் கடற்சிங்கங்கள் இருக்கின்றன. குட்டிகள் தாமாகவே விளையாட வரும், துடுப்புச் செருப்பைக் கூடக் கடித்துப் பார்க்கும். நீங்கள் கை நீட்டாதீர்கள். பெரிய ஆண் கடற்சிங்கம் குரைத்தபடி குறுக்கே நீந்தினால் மெல்ல விலகிவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம் என்பதால் அங்கே தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. அதற்காகவே போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகாமில், பிஸ்கட் பொட்டலத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். வரிவால் கொண்ட 'பாபிசூரி' என்ற சிறு விலங்கு இரவில் மோப்பம் பிடித்து வந்துவிடும். அது பாலைவனத் தீவு, எதுவும் சீக்கிரம் மக்காது. மலக்கழிவு உட்பட எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவர வேண்டும், அதற்கான பெட்டிக் கழிப்பறையை வழிகாட்டிகள் கொண்டு வருவார்கள். அப்புறம், ஆழமில்லாத மணலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், அதிர்வு தெரிந்தால் தானே நகர்ந்துவிடும். தவறிக் குத்திவிட்டால் உடனே வழிகாட்டியைக் கூப்பிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள், வலி அடங்கும்.