முதல் மூன்று மாதம் டப்பா வாங்காதீர்கள்

புது நாட்டில் வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்த முதல் வாரம், நேர வித்தியாசத்தால் இரவில் தூக்கம் வராது. அந்த நேரத்தில்தான் வீட்டை ஒழுங்குபடுத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் கண்ணில் படும். இரண்டு பகுதி பார்த்து முடிப்பதற்குள் நம் சமையலறையின் மேல் நமக்கே வெறுப்பு வந்துவிடும். மறுநாளே கடைக்குப் போய் ஒரே அளவில் 24 கண்ணாடி ஜாடி வாங்கி வந்தவன் நான். அவற்றில் 11 இப்போது ஆணி, பொத்தான், தீர்ந்துபோன பேட்டரி வைக்கப் பயன்படுகின்றன. வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சமையலறை அலமாரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த நிகழ்ச்சிகளை நான் இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் எல்லாம் ஒரே ரகமல்ல. வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானியர் மரீ கோண்டோவின் தொடர் 2019 ஜனவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பொருள்களை வகை வகையாக ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, தராததை நன்றி சொல்லி அனுப்புவது அவர் வழி. அடுக்கி வைக்கப் பழைய செருப்புப் பெட்டியே போதும் என்பது அவர் கட்சி. 2020 செப்டம்பரில் வந்த ஹோம் எடிட் தொடரில், அதே பெயரில் வீடுகளை ஒழுங்குபடுத்தும் நிறுவனம் நடத்தும் கிளியா ஷியரர், ஜோனா டெப்ளின் இருவரும் எதிர்த்திசையில் போகிறார்கள். உள்ளே இருப்பது தெரியும் டப்பாக்கள், அழகான கையெழுத்தில் பெயர்ச்சீட்டு, வானவில் வரிசையில் நிறங்கள். தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே டப்பாக்களையும் விற்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

முதலாவது குறைக்கச் சொல்கிறது, இரண்டாவது அடுக்கச் சொல்கிறது. நேற்று விமானத்திலிருந்து இறங்கிய உங்களிடம் குறைக்கவும் ஒன்றுமில்லை, அடுக்கவும் ஒன்றுமில்லை. இரண்டு பெட்டியும் நான்கு கரண்டியும் உள்ள வீட்டுக்கு இரண்டுமே பொருந்தாது. மேலும், பருப்பைக் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டால் அது பசியைப் பொறுத்து மாறும். மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதைக் கொஞ்சம் கைவிட்டுவிட்டதாக 2023 தொடக்கத்தில் கோண்டோவே சொன்னார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இந்தத் தொடர்கள் எதுவும் ஆறாவது வாரத்தைக் காட்டுவதில்லை. ஒரு கிலோ மாவு வாங்குகிறீர்கள், ஜாடியில் முக்கால் கிலோதான் பிடிக்கிறது. மீதிக் கால் கிலோ, பாக்கெட்டோடு கவ்வி போட்டு ஜாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு பொருளுக்கு இரண்டு இடம். பின்னால் இருப்பது மறந்துபோய் அடுத்த வாரம் இன்னொரு பாக்கெட் வாங்குவீர்கள். மூன்று மாதம் பொறுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இந்த ஊரில் எந்தப் பொருள் எந்த அளவுப் பாக்கெட்டில் வருகிறது, நீங்கள் எதை உண்மையில் சமைக்கிறீர்கள், எதை ஆசைக்கு வாங்கி அப்படியே வைக்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி, உறையைத் தூக்கிப் போடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நான் வந்த இரண்டாம் ஆண்டு, குறிப்பிட்ட சில தொகுதி எண்கள் (பேட்ச் நம்பர்) உள்ள மாவைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. என் மாவு அழகான ஜாடியில் இருந்தது, எண் குப்பைக்குப் போயிருந்தது. நல்லதோ கெட்டதோ தெரியாமல் முழுவதையும் கொட்டினேன். தொகுதி எண் மட்டுமல்ல, தேதி, ஒவ்வாமை எச்சரிக்கை, வேகவைக்கும் நேரம் எல்லாம் அந்த உறையில்தான் இருக்கின்றன. விருந்தாளி ஒருவர் இதில் வேர்க்கடலை கலந்திருக்கிறதா என்று கேட்டால் ஜாடி பதில் சொல்லாது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 'யூஸ் பை' என்றால் பாதுகாப்பு, அந்த நாள் தாண்டினால் சாப்பிடக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் தரம் மட்டும், தாண்டினாலும் முகர்ந்து, பார்த்து முடிவு செய்யலாம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பால்மாவு தவிர மற்றவற்றுக்கு மத்திய அரசின் பொதுவான தேதி விதி கிடையாது. தயாரிப்பாளர் எழுதுவதுதான் சொல். நீங்கள் இறங்கிய நாட்டில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல உணவைக் குப்பையில் போட்ட புதியவர்களையும், கெட்டதைத் துணிந்து சாப்பிட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

இதற்கு நான் கண்ட வழி, கொட்டாமலே வைப்பது. பாக்கெட்டை அப்படியே டப்பாவுக்குள் நிறுத்தி மூடிவிடுங்கள். கொட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தேதியும் எண்ணும் உள்ள துண்டை வெட்டி டப்பாவின் அடியில் ஒட்டுங்கள்.

டப்பா உண்மையிலேயே தேவைப்படுவது அழகுக்காக அல்ல, பூச்சிக்காக. மாவிலும் தானியத்திலும் வலை கட்டும் சிறு அந்துப்பூச்சிக்கு ஆங்கிலத்தில் 'இந்தியன் மீல் மாத்' என்று பெயர். நாம்தான் பெட்டியில் கூட்டிவந்துவிட்டோமோ என்று கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவில் சோள மாவுக்கு முன்பு வழங்கிய பெயரிலிருந்து வந்தது அது. அதன் புழு காகித உறையையும் மெல்லிய பிளாஸ்டிக் பையையும் துளைத்துவிடும். வாங்கிவந்த மாவை மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தால் முட்டைகள் சாகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், குளிர் முழுவதும் போன பிறகு திறந்தால்தான் ஈரம் கோக்காது. பழைய மாவின் மேல் புதியதைக் கொட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அடியில் இருக்கும் பழையது ஒருபோதும் தீராது, பூச்சிக்கும் அதுதான் நிரந்தர முகவரி.

ஜன்னலோரத் திறந்த அலமாரியில் மசாலாப் பொடிகளையும் எண்ணெயையும் வரிசையாக நிறுத்துவது படத்துக்கு அழகு. வெளிச்சமும் சூடும் பட்டால் பொடி மணம் இழக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அடுப்புக்கு நேர்மேலே உள்ள அலமாரியும் அப்படித்தான். அங்கே தட்டுகளை வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் நிற வரிசை பார்க்கவே கூடாது, குளிர்ச்சி வரிசைதான். கதவுதான் அதிகம் சூடேறும் இடம், ஆகவே பாலை உள்ளே தள்ளுங்கள். பச்சை இறைச்சி கீழ்த்தட்டில், சொட்டாத தட்டத்தோடு. உள்ளே 4 அல்லது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல, பெரும்பாலும் எண் கூடினால் குளிர் கூடும். நான் ஓராண்டு தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒரு சிறு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்தால் சந்தேகம் தீரும். 24 ஜாடியைவிட மலிவு. சமைத்த சோறு மிஞ்சினால் பானையோடு இரவு முழுவதும் மேடையில் விடாதீர்கள். பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை, வெளியே கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைக்கவும், ஒரு நாளுக்குள் சாப்பிட்டுவிடவும் என்பது பிரிட்டனின் உணவுத் தர முகமையின் அறிவுரை.

பகிர்ந்து தங்கும் வீடாக இருந்தால் பெயர்ச்சீட்டு மிக அவசியம். ஓவியர்கள் ஒட்டும் காகித நாடாவும் ஒரு பேனாவும் போதும். பெயர், திறந்த தேதி, பொருள். தமிழில் மட்டும் எழுதிவைத்து, அறைத்தோழர் சமையல் சோடாவைச் சோள மாவு என்று நினைத்துக் குழம்பைக் கெட்டியாக்கிய கதை எங்கள் வீட்டில் நடந்தது. அந்த நுரையை இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்று மாதம் ஆன பிறகு கடைக்குப் போகும்போது அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். முதலில் அலமாரியின் ஆழத்தையும் தட்டுக்குத் தட்டு உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்தைவிடச் சதுர டப்பா இடத்தை மிச்சம் பிடிக்கும். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரை லிட்டர் தாராளம், ஒரு கிலோ மாவுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். மணம் உள்ளதற்குக் கண்ணாடி நல்லது, பிளாஸ்டிக் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே ரகத்தில் வாங்குங்கள். அழகுக்காக அல்ல, மூடி தொலையும்போது இன்னொன்றின் மூடி பொருந்துவதற்காக. மூடி நிச்சயம் தொலையும்.