மெழுகு ஓவியம் பழகுபவர்களுக்கு: சொந்த மாதிரிப் பெட்டி சேர்ப்பது எப்படி?

தேன்மெழுகோடு டாமர் என்னும் மரப்பிசின் சேர்த்து உருக்கி, நிறமி கலந்து, சூடு ஆறுவதற்குள் பலகையில் தீட்டுவதுதான் என்காஸ்டிக். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை மம்மிகளுக்காக வரைந்த முகங்களில் பலவும் இந்த முறையில் தீட்டியவை.

உருகிய மெழுகிலிருந்து தூரிகையை எடுத்த சில நொடிகளில் அது இறுகிவிடும். பாதியில் நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டைப் புரட்ட முடியாது. தேவையானதெல்லாம் முன்கூட்டியே கண்ணெதிரே இருக்க வேண்டும். அதற்குத்தான் மாதிரிப் பெட்டி: நீங்களே தீட்டிய மாதிரிச் சதுரங்களும், பார்த்து வரையவும் பதிக்கவும் உதவும் படங்களும் காகிதங்களும்.

படி 1: மேசையை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு பக்கம் மெழுகை உருக்கும் ஹாட் பிளேட் (மின் சூட்டுத்தட்டு), ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), தூரிகைகள். மறுபக்கம் காகிதம், புகைப்படம், நோட்டு. காகிதம் ஒருபோதும் சூடான பக்கம் போகக் கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும். மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். தீட்டுவதற்கு 80 முதல் 90 டிகிரி போதும். புகை கிளம்பினால் சூடு அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள். தூரிகை பன்றிமுடியில் செய்ததாக இருக்கட்டும். செயற்கை இழை சூட்டில் உருகிவிடும்.

படி 2: மாதிரிப் பலகைகள் செய்யுங்கள்

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். யாரோ எடுத்த படங்களை எவ்வளவு சேர்த்தாலும், உங்கள் மெழுகு உங்கள் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவை காட்டாது.

படம் வரையப் போகும் அதே பிளைவுட்டில் 10 செ.மீ. சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் சதுரத்தில் எழுத்து அச்சான காகிதத்தை ஒட்டி, நிறமில்லாத மெழுகைப் பட்டை பட்டையாகப் பூசுங்கள்: ஓரிடத்தில் ஓர் அடுக்கு, அடுத்து இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் சூடு காட்டி, கீழ் அடுக்கோடு சேரவிடுங்கள். மேற்பரப்பு ஒரு கணம் ஈரம்போல மின்னும். அப்போதே ஹீட் கன்னை விலக்க வேண்டும். ஆறியதும் பாருங்கள்: முதல் பட்டையில் எழுத்து தெளிவாக இருக்கும், கடைசிப் பட்டையில் பனிமூட்டத்துக்குப் பின்னால் போனதுபோலத் தெரியும். எந்த ஆழம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று இந்த ஒரு சதுரமே சொல்லிவிடும்.

அடுத்த சதுரங்கள் நிறத்துக்கு. கிண்ணத்தில் உருகி நிற்கும்போது தெரியும் நிறம் வேறு, இறுகிய பின் வேறு. ஒவ்வொரு நிறத்தையும் வெள்ளை மேல் பாதி, கறுப்பு மேல் பாதி தீட்டி வையுங்கள். ஒரு மூலையில் வேண்டுமென்றே கூடுதலாகச் சூடு காட்டுங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலப்பதும் தெரிந்திருக்க வேண்டியதே.

படி 3: பின்புறத்தில் எழுதுங்கள்

பென்சிலால், அப்போதே. தேதி, மெழுகும் பிசினும் கலந்த அளவு (எடையில் 8 பங்குக்கு 1 பங்கு நல்ல தொடக்கம்), நிறமி, அடுக்கு எண்ணிக்கை, ஹாட் பிளேட்டின் சூடு. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால், அந்தச் சதுரம் வெறும் அழகான துண்டாகிவிடும்.

படி 4: புகைப்படங்களும் காகிதங்களும்

சொந்தப் புகைப்படம், பழைய கடிதம், காய்ந்த இலை எல்லாம் சேர்க்கலாம். "மரம்", "வீடு" என்று பொருள்வாரியாகப் பிரிப்பதைவிட, எதற்குப் பயன்படும் என்று தனித்தனி உறைகளில் பிரிப்பது கைகொடுக்கும்: நிறத்துக்கு, மேற்பரப்புக்கு, மெழுகில் நேரே பதிக்க. பதிக்கும் உறையில் நகல்கள் மட்டும் இருக்கட்டும். மூலப்படத்தை மெழுகில் இறக்கினால் திரும்ப எடுப்பது கடினம்.

படத்தை மெழுகுக்கு மாற்ற லேசர் பிரிண்டரில் எடுத்த நகல் வேண்டும். மெழுகின் மேல் படப்பக்கம் கீழிருக்க வைத்து, கரண்டியின் முதுகால் நன்கு தேய்த்து, தண்ணீரில் நனைத்துக் காகிதத்தை விரலால் உருட்டி எடுங்கள். படம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்து இருந்தால் முதலிலேயே திருப்பி அச்சிடுங்கள்.

படி 5: சூடேற்றும் முன் தேர்ந்தெடுங்கள்

ஓர் அமர்வுக்கு ஒரு படம், இரண்டு மாதிரிச் சதுரங்கள் போதும். கண் மட்டத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு ஹாட் பிளேட்டைப் போடுங்கள்.

சதுரங்களை வெயில் படாத பெட்டியில், இடையில் மெழுகுத்தாள் வைத்து நிறுத்தி அடுக்குங்கள். சில நாளில் மேலே வெண்படலம் படரலாம். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும்.