எம்எஸ் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் வெப் ஆப்புடன் இணைப்பது எப்படி?

மைக்ரோசாஃப்டின் திட்டமிடும் மென்பொருளான எம்எஸ் ப்ராஜெக்டில் வேலைகளுக்கு அட்டவணை போட்டு, அதில் உருவாகும் எம்பிபி ஃபைலை மெயிலில் சுற்றுக்கு விடும் அலுவலகங்கள் இன்னும் நிறைய உண்டு. திங்கட்கிழமை அனுப்பிய ஃபைல் புதன்கிழமைக்குள் பழசாகிவிடும். இவரிடம் ஒரு பிரதி, அவரிடம் வேறு பிரதி. கூட்டத்தில் பாதி நேரம் எது கடைசி ஃபைல் என்று தேடுவதிலேயே போய்விடும்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் தீர்வு ப்ராஜெக்ட் வெப் ஆப். சுருக்கமாக பிடபிள்யூஏ என்பார்கள். அட்டவணை சர்வரில் இருக்கும். திட்டம் போடுபவர் தன் கணினியில் உள்ள எம்எஸ் ப்ராஜெக்ட் வழியாகவே அதைத் திறந்து திருத்துவார். வேலை செய்பவர்கள் பிரவுசரில் தங்களுக்கு வந்த டாஸ்க்குகளை மட்டும் பார்த்து, முடித்த அளவைப் பதிவு செய்வார்கள்.

இரண்டையும் இணைப்பது சில நிமிட வேலைதான். இணைத்த பிறகு சேவ், பப்ளிஷ், செக் இன் மூன்றும் வெவ்வேறு காரியங்கள் என்பது பிடிபடத்தான் நேரம் ஆகும். அதனால் இணைப்பைச் சுருக்கமாகவும் அந்த மூன்றை விரிவாகவும் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு தேதி

பிடபிள்யூஏ இரண்டு வகையில் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுடில் ஓடுவது ப்ராஜெக்ட் ஆன்லைன். நிறுவனம் தன் சொந்த சர்வரில் நிறுவி நடத்துவது ப்ராஜெக்ட் சர்வர். இதில் ப்ராஜெக்ட் ஆன்லைனுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ள மூடும் தேதி 2026 செப்டம்பர் 30. புதிய வாடிக்கையாளர்களுக்கு விற்பதை 2025 அக்டோபர் 1 முதலே நிறுத்திவிட்டார்கள். ப்ராஜெக்ட் சர்வர் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். தொடர்வது ப்ராஜெக்ட் சர்வர் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்.

கணினியில் உள்ள எம்எஸ் ப்ராஜெக்டுக்கு இந்த மூடுவிழா பொருந்தாது. கீழே வரும் படிகளும் எல்லா வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், முகவரிதான் மாறும். உங்கள் அலுவலகம் ப்ராஜெக்ட் ஆன்லைனில் இருந்தால், புதிதாக எதையும் ஏற்றும் முன் நிர்வாகியிடம் அடுத்து எங்கே போகப் போகிறோம் என்று கேட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் இன்னொரு திட்டமிடல் செயலியான பிளானருக்குப் போகலாம் என்று பதில் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பிளானரின் பிரீமியம் வகை எம்பிபி ஃபைலை இறக்குமதி செய்துகொள்ளும். ஆனால் அது ஒருமுறை எடுத்துக்கொள்வதோடு சரி. இங்கே சொல்வது போலக் கணினியிலிருந்து திறந்து, திருத்தி, திருப்பி ஏற்றும் தொடர்பு அதில் கிடையாது.

படி 1: கையில் என்னென்ன வேண்டும்

எம்எஸ் ப்ராஜெக்டில் ஸ்டாண்டர்டு, புரொஃபஷனல் என்று இரண்டு உண்டு. ஸ்டாண்டர்டு பிடபிள்யூஏவுடன் பேசாது. ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்தால் உங்களிடம் இருப்பது எது என்று தெரியும். மாதச் சந்தாவில் வரும் ப்ராஜெக்ட் ஆன்லைன் டெஸ்க்டாப் கிளையன்ட் இருந்தாலும் சரி, இணையும்.

அடுத்து, நிர்வாகி உங்களை ப்ராஜெக்ட் மேனேஜர்ஸ் குழுவில் சேர்த்திருக்க வேண்டும். டீம் மெம்பர்ஸ் குழுவில் மட்டும் இருந்தால் பிரவுசரில் உள்ளே போகலாம், ஆனால் அட்டவணையை ஏற்ற முடியாது. கடைசியாக, பிடபிள்யூஏவின் முகவரி. கிளவுடில் பெரும்பாலும் நிறுவனத்தின் ஷேர்பாயிண்ட் (ஆவணங்களைப் பகிர மைக்ரோசாஃப்ட் தரும் தளம்) முகவரி, ஒரு சாய்கோடு, சைட்ஸ், இன்னொரு சாய்கோடு, பிடபிள்யூஏ என்று முடியும். பிரவுசரிலிருந்து காப்பி செய்யும்போது அதற்குப் பின்னால் நீளமாக ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். பிடபிள்யூஏ என்ற இடத்தோடு வெட்டிவிடுங்கள். இணைப்பு தோற்றால் நான் முதலில் பார்ப்பது இந்த வாலைத்தான்.

படி 2: கணக்கைச் சேர்ப்பது

எம்எஸ் ப்ராஜெக்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்துக்குப் போங்கள். அங்கே மேனேஜ் அக்கவுண்ட்ஸ் என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் வரும் பெட்டியில் கம்ப்யூட்டர் என்ற ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கும்; சர்வர் இல்லாமல் தனியாக வேலை செய்வதற்கானது அது. அதைத் தொட வேண்டாம். ஆட் பொத்தானை அழுத்தி, கணக்குக்கு ஒரு பெயரும் பிடபிள்யூஏ முகவரியும் கொடுத்து ஓகே சொல்லுங்கள்.

அதே பெட்டியில், தொடங்கும்போது எந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். எப்போதும் ஒரே கணக்கு, அல்லது ஒவ்வொரு முறையும் கேள் என்று இரண்டு தேர்வு. புதியவர்கள் இரண்டாவதை வைத்துக்கொள்வது நல்லது. இன்று சர்வரில் இருக்கிறேனா, தனியாக இருக்கிறேனா என்பது திறக்கும்போதே தெரிந்துவிடும்.

இனி எம்எஸ் ப்ராஜெக்டை முழுதாக மூடித் திரும்பத் திறக்க வேண்டும். மூடாமல் இணையாது. திறக்கும்போது ஒரு லாகின் பெட்டி வரும். உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்து அலுவலக மெயில் ஐடியுடன் உள்ளே போங்கள். லோட் சம்மரி ரிசோர்ஸ் அசைன்மென்ட்ஸ் என்று அதில் ஒரு டிக் பெட்டி உண்டு. ஆட்கள் மற்றத் திட்டங்களில் எவ்வளவு வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தையும் சேர்த்து இறக்கும். இப்போதைக்கு வேண்டாம், திறப்பது மெதுவாகும்.

இணைந்ததா என்று பார்க்கத் திரும்ப இன்ஃபோ பக்கத்துக்குப் போனால், எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கும்.

படி 3: அட்டவணையை ஏற்றுவது

ஏற்றும் முன் ஃபைலைக் கொஞ்சம் துடைத்துக்கொள்ளுங்கள். எம்எஸ் ப்ராஜெக்டில் புதிய டாஸ்க் எல்லாம் இயல்பாகவே மேனுவலி ஷெட்யூல்டு என்ற நிலையில்தான் பிறக்கும். முந்தைய வேலை தள்ளிப்போனாலும் இது நகராது. ஒரு கட்டுமானத் திட்டத்தில் அஸ்திவாரம் ஒரு வாரம் தாமதமாகியும் கான்கிரீட் தேதி அசையாமல் நின்றால் அந்த அட்டவணையால் யாருக்குப் பயன்? எல்லா டாஸ்க்கையும் தேர்ந்தெடுத்து, டாஸ்க் டேப்பில் ஆட்டோ ஷெட்யூல் கொடுங்கள். தேதிகள் மாறினால் பயப்பட வேண்டாம், மறைந்திருந்த பிழைகள் வெளியே வருகின்றன. இங்கேயே சரிசெய்துவிடலாம்.

அப்புறம் ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ், அதில் ப்ராஜெக்ட் வெப் ஆப், பிறகு சேவ். வரும் பெட்டியில் பெயர் கேட்கும். ஒரே பெயரில் இரண்டு திட்டம் சர்வரில் இருக்க முடியாது. வெறுமனே 'புதிய திட்டம்' என்று வைக்காமல் ஊர், ஆண்டு சேர்த்து வையுங்கள். துறை போன்ற சில விவரங்களை நிர்வாகி கட்டாயம் ஆக்கியிருந்தால் அவற்றையும் நிரப்பினால்தான் சேவ் ஆகும்.

இப்போது ஆட்களின் விஷயம். பலரும் தடுக்கி விழும் இடம் இது. பழைய ஃபைலில் 'எலக்ட்ரீஷியன்', 'சைட் இன்ஜினியர்' என்று நீங்களே தட்டிய பெயர்கள் எல்லாம் சர்வரைப் பொறுத்தவரை முகமில்லாத உள்ளூர் பெயர்கள். நிறுவனத்தின் பொது ஆள் பட்டியலில் அவர்கள் இல்லை. இப்படியே விட்டால் அந்த டாஸ்க் எவர் பக்கத்திலும் போய்ச் சேராது. சேரவில்லை என்று எந்த எச்சரிக்கையும் பெரிதாக வராது.

ரிசோர்ஸ் டேப்பில் ஆட் ரிசோர்சஸ், அதில் பில்ட் டீம் ஃப்ரம் என்டர்பிரைஸ் என்பதைத் திறங்கள். இடப்பக்கம் நிறுவனத்தின் பட்டியல், வலப்பக்கம் உங்கள் திட்டத்தில் உள்ளவர்கள். வலப்பக்கத்தில் உள்ளூர் பெயரையும் இடப்பக்கத்தில் உரிய ஆளையும் தேர்ந்தெடுத்து, நடுவில் உள்ள ரீப்ளேஸை அழுத்துங்கள். ஆட் அழுத்தினால் புதியவர் சேர்வார், ஆனால் வேலை எல்லாம் பழைய பெயரிலேயே தங்கிவிடும். ரீப்ளேஸ்தான் வேலைகளையும் சேர்த்து மாற்றும். வேலை தொடங்கி, முடித்த அளவு பதிவாவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு ஒருமுறை சேவ்.

படி 4: பப்ளிஷ்

சேவ் ஆகிவிட்டது, சர்வரிலும் இருக்கிறது, ஆனால் டீமில் ஒருவருக்கும் டாஸ்க் தெரியவில்லை. புதியவர்களிடமிருந்து வரும் முதல் புகார் எப்போதும் இதுதான். கல்யாணப் பத்திரிகையை அச்சடித்து வீட்டில் அடுக்கி வைப்பது சேவ். ஊருக்குக் கொடுப்பது பப்ளிஷ்.

சர்வருக்குள்ளும் இது உண்மையிலேயே இரண்டு இடம். ப்ராஜெக்ட் சர்வர் 2010 வரை வரைவுக்கு ஒரு டேட்டாபேஸ், வெளியிட்டதற்கு இன்னொரு டேட்டாபேஸ் என்று தனித்தனியாகவே வைத்திருந்தார்கள். 2013 பதிப்பில் எல்லாம் ஒரே டேட்டாபேஸுக்குள் வந்தது. வரைவு, வெளியீடு என்ற பிரிவு மட்டும் உள்ளே அப்படியே இருக்கிறது. சேவ் வரைவைத்தான் மாற்றும்.

இந்தப் பிரிவினையால் லாபமும் உண்டு. 'இந்த வேலையை இரண்டு வாரம் தள்ளினால் என்ன ஆகும்' என்று யாரையும் கலவரப்படுத்தாமல் சேவ் செய்து பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.

தயாரானதும் ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்தில் பப்ளிஷை அழுத்துங்கள். முதல் முறை என்றால், திட்டத்துக்கென ஒரு ஷேர்பாயிண்ட் தளம் வேண்டுமா என்று கேட்கலாம். வரைபடங்கள், ஆவணங்கள் வைக்க இடம் தேவை என்றால் சரி சொல்லுங்கள். தேவை இல்லை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அழுத்தியவுடன் முடிந்துவிடாது, சர்வரில் வரிசையில் நின்று தன் முறை வரும்போதுதான் நடக்கும். வரிசை எங்கே நிற்கிறது என்று பிடபிள்யூஏவின் செட்டிங்ஸில் மை க்யூட் ஜாப்ஸ் பக்கத்தில் தெரியும். தோற்றிருந்தால் காரணமும் அங்கேதான் இருக்கும்.

படி 5: டீம் பதிவு செய்வது உங்களிடம் வருவது

டீமில் உள்ளவர் பிரவுசரில் டாஸ்க்ஸ் பக்கத்தில் முடித்த அளவை எழுதி, சென்ட் ஸ்டேட்டஸ் கொடுப்பார். அது நேராக அட்டவணைக்குள் போகாது. உங்கள் அப்ரூவல்ஸ் பக்கத்தில் காத்திருக்கும். பார்த்து அக்செப்ட் கொடுத்த பிறகுதான் அட்டவணையில் ஏறும். அதற்கு முன் அந்தத் திட்டம் உங்கள் கணினியில் திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

அடுத்த முறை எம்எஸ் ப்ராஜெக்டில் திறக்கும்போது புதிய அளவுகள் உள்ளே இருக்கும், அதை ஒட்டிப் பின்வரும் தேதிகளும் நகர்ந்திருக்கும். நகர்ந்த தேதிகள் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் திரும்பவும் பப்ளிஷ். வாரம் ஒரு நாளை இதற்கு ஒதுக்கி, அக்செப்ட், திறந்து சரிபார்ப்பு, பப்ளிஷ் என்று ஒரே மூச்சில் முடிப்பது வசதி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அக்செப்ட் செய்யும் தானியங்கி விதியும் வைக்கலாம்தான். சிறிய டீமுக்கு அது வேண்டாம் என்பேன்.

படி 6: மூடும்போது செக் இன்

திருத்துவதற்காகத் திறந்த திட்டம் உங்கள் பெயரில் பூட்டப்பட்டிருக்கும். மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. மூடும்போது செக் இன் செய்யவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டு ஊருக்குப் போனால் பூட்டு அப்படியே இருக்கும். அந்த நிலையில் பிரவுசரில் ப்ராஜெக்ட் சென்டர் போய், செக் இன் மை ப்ராஜெக்ட்ஸ் மூலம் நீங்களே விடுவிக்கலாம். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் நிர்வாகி தன் பக்கத்திலிருந்து வலுக்கட்டாயமாகவும் விடுவிப்பார். அப்போது நீங்கள் சேவ் செய்யாத மாற்றங்கள் போய்விடும்.

மாட்டிக்கொண்டால்

உள்ளேயே விடவில்லை என்றால் முகவரியின் வாலையும், ஆஃபீஸில் எந்த மெயில் ஐடியில் இருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சொந்த ஐடியில் இருந்துகொண்டு அலுவலக சர்வரைத் தட்டினால் திறக்காது.

சேவ் பாதியில் நின்றாலோ, சர்வரில் உள்ளதும் உங்கள் திரையில் உள்ளதும் வேறுவேறாக இருந்தாலோ, சந்தேகம் கேஷ் மேல் போக வேண்டும். எம்எஸ் ப்ராஜெக்ட் ஒவ்வொரு திட்டத்துக்கும் உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மாறிய பகுதியை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறது. அந்தப் பிரதி சில நேரம் கெட்டுப்போகும். திட்டத்தை செக் இன் செய்து மூடிவிட்டு, ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் சேவ் பகுதிக்குப் போங்கள். கீழே கேஷ் என்ற தலைப்பில் கிளீன் அப் கேஷ் பொத்தான் இருக்கும். உங்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். சர்வரில் உள்ளது அப்படியே இருக்கும். அடுத்து திறக்கும்போது புதிதாக இறங்கும் என்பதால் அந்த ஒருமுறை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.