மலை நடைக்கு ஜிபிஎஸ் கருவி வாங்குவது எப்படி?

நீலகிரியின் புல்வெளி மேட்டில் மூடுபனி இறங்கச் சில நிமிடங்கள் போதும். எதிரே தெரிந்த சோலை மறைந்துவிடும். காலடியில் இருப்பது நாம் வந்த பாதையா, காட்டுமாடுகள் போட்ட தடமா என்று சொல்ல முடியாது. கையில் ஒரு ஜிபிஎஸ் கருவி தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான். கடையில் எதை எடுத்துப் பார்த்தாலும், மழையில் நனைந்து விரல் விறைத்து நிற்கும்போது இது உதவுமா என்று கேளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

படி 1: உண்மையிலேயே வேண்டுமா?

செல்போனில் உள்ள ஜிபிஎஸ்ஸுக்குக் கோபுர சிக்னல் தேவையில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால், சிக்னல் இல்லாத காட்டிலும் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றப் பாதைகளில் வழிகாட்டியுடன் ஒரு நாள் நடப்பவர்களுக்கு அது போதும். பணத்தை நல்ல காலணியில் போடுங்கள். பல நாள் நடை, மழைக்கால நடை, இமயமலைப் பயணம் என்று திட்டமிடுபவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: பொத்தானும் பேட்டரியும்

இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். தொடுதிரை கடையில் அழகாக வேலை செய்யும். மழைத்துளி விழுந்தால் அது தானாகவே நகரும். கையுறை போட்ட விரலை மதிக்காது. அதனால் புதியவர்களுக்குப் பொத்தான் உள்ள கருவியையே சொல்கிறேன். கருவியை இடது கையில் பிடித்து, பார்க்காமலே கட்டைவிரலால் எல்லாப் பொத்தான்களையும் தொட முடிகிறதா என்று சோதியுங்கள். திரையை வெளியே எடுத்துச் சென்று வெயிலில் பாருங்கள். நல்ல கருவியின் திரை வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும், பின்னொளியே தேவைப்படாது.

பேட்டரியில் இரண்டு வகை. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் போன்றவை இரண்டு ஏஏ செல்களில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 67 உள்ளேயே பேட்டரி கொண்டது. 180 மணி நேரம் என்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது. ஆனால் ஏஏ செல் தீர்ந்தால் மலையடிவாரப் பெட்டிக்கடையில் வாங்கி மாற்றிக்கொண்டு நடக்கலாம். அந்த நிம்மதிக்காகவே முதல் கருவியாக ஏஏ வகையைப் பரிந்துரைக்கிறேன். மறு சார்ஜ் செய்யும் செல் போட்டால், அமைப்புகளில் செல்லின் வகையை மாற்றுங்கள். இல்லையென்றால் மீதமுள்ள அளவைத் தவறாகக் காட்டும்.

படி 3: பெயரின் கடைசி எழுத்து

இதைத் தவறவிடாதீர்கள். ஜிபிஎஸ்மேப் 67ஐ, 66ஐ (67i, 66i) போன்று எண்ணுக்குப் பின் ஆங்கில எழுத்து 'ஐ' வரும் கார்மின் கருவிகள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பக்கூடியவை. இந்தியாவில் இவற்றுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி விமான நிலையத்துக்குக் கொண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வாங்குபவர்கள், அந்த எழுத்தும் செயற்கைக்கோள் செய்தி வசதியும் இல்லாத கருவியைத்தான் கேட்க வேண்டும்.

படி 4: சோலைக்குள் சிக்னல் பிடிக்குமா?

இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். நனைந்த இலைக்கூரை சமிக்ஞையை மங்கச் செய்யும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை கணக்கைக் குழப்பும். ஜிபிஎஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளையும் பிடிக்கும் கருவி நல்லது. இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி, ஆழமான பள்ளத்தாக்கில் கூடுதலாகக் கைகொடுக்கும்.

திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் 32எக்ஸில் உண்டு, 22எக்ஸில் இல்லை. திசைகாட்டி இல்லாத கருவி நீங்கள் நடந்தால்தான் திசை காட்டும். மூடுபனியில் நின்று யோசிப்பவருக்கு அது பெரிய குறை. உயரமானியைத் தினமும் உயரம் தெரிந்த இடத்தில் திருத்த வேண்டும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்றால் அங்கே அந்த எண்ணைக் கொடுங்கள். வானிலை மாறிக் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் நகர்ந்தாலே, உயரம் எட்டு முதல் பத்து மீட்டர் வரை தவறிவிடும்.

படி 5: வரைபடமும் எண்களும்

கருவியோடு வரும் வரைபடத்தில் நம் மலைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து தயாரித்த இலவச வரைபடங்களை மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

எண்கள் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி 24 நிமிடத்தை ஒட்டியது. அதை 11.24 டிகிரி என்று பதிந்தால் கருவி உங்களைச் சுமார் 18 கிலோமீட்டர் தெற்கே அனுப்பும், ஏனென்றால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், அதனால் 24 நிமிடம் என்பது 0.40 டிகிரி. எண் வந்த வடிவத்தையே கருவியிலும் அமையுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களிலிருந்து எண் எடுத்தால் ஆதாரத் தளத்தையும், அதாவது பூமியின் எந்த வடிவக் கணக்கை வைத்து எண்கள் குறிக்கப்பட்டன என்பதையும் பாருங்கள். அவை எவரெஸ்ட் என்ற பழைய கணக்கில் வரையப்பட்டவை. கருவி, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் இருந்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகலாம். செங்குத்துச் சரிவின் விளிம்பில் நூறு மீட்டர் சிறிய தூரமல்ல.

படி 6: மலைக்கு முன் ஊரில்

வாங்கியதும் திறந்த வெளியில் வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். முதல் முறை செயற்கைக்கோள்களைத் தேட நேரமாகும். பிறகு வீட்டு வாசலை இடக்குறியாகச் சேமித்து, தடப்பதிவைத் தொடங்கி, தெரியாத தெருக்களில் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். திரும்பும்போது, வந்த தடத்திலேயே திருப்பி அழைத்துவரும் டிராக்பேக் வசதியை மட்டும் நம்பி வாருங்கள். மூன்று நாட்கள் இப்படிச் செய்தால் விரலுக்குப் பொத்தான்கள் பழகிவிடும். மலையில் வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே தடப்பதிவைத் தொடங்குங்கள். கருவியைப் பையின் தோள்பட்டையில் வானம் பார்க்க மாட்டுங்கள். காகித வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் அதே பையில் இருக்கட்டும்.